அடுத்த படத்தைத் தேர்ந்தெடுப்பது யார்?

திருப்பூருக்குத் தென்மேற்கே, நொய்யல் ஆற்றை ஒட்டி அமைந்த ஊர் மங்கலம். வாரநாட்களில் எந்தத் தெருவில் நின்றாலும் விசைத்தறிகளின் 'தடக் தடக்' ஓசை காதில் விழும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த ஓசை அடங்கியிருக்கும். அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் கைபேசியை எடுத்து, ஒரு படம் பார்க்கலாம் என்று உட்காருகிறீர்கள். திரையில் வரிசை வரிசையாகச் சிறு சிறு படங்கள் வருகின்றன. விரலால் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். ஒன்றில் விரல் நிற்கிறது, அதைத் தொடுகிறீர்கள், படம் ஓடத் தொடங்குகிறது.

"இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?" என்று கேட்டால், "நான்தான், வேறு யார்?" என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். அந்த நிறுவனத்தின் கிடங்கில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. உங்கள் கண்ணில் பட்டவை ஒரு இருபது இருக்கும். அந்த இருபதில் ஒன்றைத்தான் நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். ஆயிரங்களை இருபதாகக் குறைத்தது யார்?

நெட்பிளிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை இதைப் பற்றி மனம் திறந்து பேசுகிறது. பார்வையாளர் ஒருவர் 60 முதல் 90 வினாடி வரைதான் தேடுவாராம். அதற்குள் 10 முதல் 20 தலைப்புகளைப் பார்ப்பார்; அவற்றில் மூன்றைச் சற்று உற்று நோக்குவார். அதற்குள் பிடித்தது கிட்டாவிட்டால் ஆர்வம் இழந்து எழுந்து போய்விடுவார். மக்கள் தங்கள் சேவையில் பார்க்கும் நேரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு, பரிந்துரையாக முன்னால் வைக்கப்பட்டவற்றைப் பார்த்ததே என்றும் அவர்கள் எழுதினார்கள். பெயரைத் தட்டித் தேடிப் பார்த்தது மீதி 20 விழுக்காடுதான்.

ஆக, அந்த 90 வினாடிக்குள் என்ன கண்ணில் பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கணிப்பொறி நிரலே இன்று நம் வீட்டின் சினிமாக் கொட்டகை முதலாளி. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

பெட்டிக்குள் இருந்ததே படம்

நமக்கு வேண்டியதை நாமே தேர்ந்து பார்த்த பொற்காலம் ஒன்று முன்பு இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் தூப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கையும் கட்டினார். அவர் பெட்டியில் எந்தச் சுருள் இருந்ததோ அதுதான் ஊருக்குச் சினிமா. ஏசுநாதர் கதைச் சுருள் இருந்தால் ஏசுநாதர் கதை, அவ்வளவுதான்.

பின்னர் விநியோக முறை வந்தது. தமிழ்நாடு சென்னை, செங்கற்பட்டு, கோவை, மதுரை, சேலம் என்று பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டது. ஒரு படத்துக்கு இத்தனை பிரதிகள்தான் என்று எண்ணிப் போடுவார்கள். முதலில் நகரத்துப் பெரிய அரங்குகள். அங்கே ஓடி ஓய்ந்த பிறகு சிறு நகரங்கள். பல மாதம் கழித்துக் கிராமத்து டூரிங் டாக்கீஸ். 'பெட்டி வந்துவிட்டதா?' என்ற கேள்விக்கு அன்று அவ்வளவு கனம் இருந்தது. சில படங்களின் பெட்டி சிற்றூர்களுக்கு வந்ததே இல்லை. அந்தப் படம் நல்லதா கெட்டதா என்று அந்த ஊர்க்காரர் சொல்ல வாய்ப்பே கிடைத்ததில்லை.

கடைக்காரரின் நினைவு

1980-களில் வீடியோ காசெட் வந்தது. 1982-ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி நாட்டில் நுழைந்ததும், வீடியோவும் கூடவே பரவியது. 'டெக்'கையும் டி.வி.யையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, மூன்று நான்கு காசெட்டுகளோடு விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. தெருவே பங்கு போட்டுக் காசு கொடுக்கும். விடியும்போது பாதிப் பேர் பாயில் தூங்கியிருப்பார்கள். கொடுத்த காசுக்கு எல்லாக் காசெட்டையும் ஓட்டிவிட வேண்டும் என்று கடைசிவரை விழித்திருக்கும் ஒருவரும் இருப்பார்! இந்தப் புதிய வழக்கத்தை ஒழுங்குபடுத்த 1984-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

வீடியோக் கடையில் புதுப்படத்துக்கு இரண்டு மூன்று பிரதிகள்தான் இருக்கும். சனிக்கிழமை மாலை சம்பளம் வாங்கிக்கொண்டு போவதற்குள் அவை போயிருக்கும். கடைக்காரர் என்ன செய்வார்? "அது போயிருச்சுங்க. இதை எடுத்துட்டுப் போங்க, நீங்க போன வாரம் எடுத்தீங்கல்ல, அதே மாதிரி இருக்குமுங்க" என்று வேறொன்றை நீட்டுவார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருக்கும். யார் எதை எடுத்தார், திருப்பித் தரும்போது முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அவர் மனத்தில் பதிந்திருந்தது.

இந்தக் கடைக்காரரின் மூளையைக் கணிப்பொறிக்குள் வைத்ததே பரிந்துரை நிரல். அமெரிக்காவில் நெட்பிளிக்ஸ் 1998-இல் தொழில் தொடங்கியபோது அதுவும் ஒரு வாடகைக் கடைதான், டி.வி.டி. தகடுகளைத் தபாலில் அனுப்பியது. அதற்கும் அதே தொல்லை. எல்லோரும் புதுப்படமே கேட்டால் தகடு போதாது. பழைய தகடுகள் தூசி படிந்து கிடக்கும். கிடங்கில் கிடப்பதில் உங்களுக்குப் பிடிக்கக்கூடியது எது என்று சொல்லிவிட்டால் இருவருக்கும் லாபம். அந்தத் தபால் தொழிலை அந்நிறுவனம் 2023 செப்டம்பரில்தான் முழுமையாக நிறுத்தியது.

பாவும் ஊடையும்

நிரலின் முதல் தத்துவம் எளியது. நீங்கள் ஒரு பேய்ப் படத்துக்கு ஐந்துக்கு 5 மதிப்பெண் கொடுத்தீர்கள். ஒரு குடும்பப் படத்துக்கு 2 கொடுத்தீர்கள். தறி ஓட்டும் நண்பர் ஒருவர் அதே படங்களுக்கு 5, 1 என்று கொடுத்தார். மளிகைக்கடைக்காரர் 1, 5 என்று கொடுத்தார். உங்களுக்கும் தறிக்காரருக்கும் உள்ள வித்தியாசம் 0+1=1. உங்களுக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் 4+3=7. அதாவது, ரசனையில் தறிக்காரர் உங்களுக்குப் பக்கத்து வீடு. மளிகைக்கடைக்காரர் அடுத்த ஊர். நீங்கள் பார்க்காத துப்பறியும் படம் ஒன்றுக்குத் தறிக்காரர் 5 கொடுத்திருந்தால், அது உங்கள் திரைக்கு வந்துவிடும். படத்தின் கதை என்ன, நடிகர் யார் என்று கணிப்பொறிக்கு ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள்!

மூன்று பேருக்குச் செய்வதை மூன்று கோடிப் பேருக்கும் செய்யலாமா? இங்கேதான் சிக்கல். ஒரு துணியை எண்ணிப் பாருங்கள். பாவு நூல் ஒவ்வொன்றும் ஒரு பார்வையாளர். ஊடை நூல் ஒவ்வொன்றும் ஒரு படம். இரண்டும் சந்திக்கும் புள்ளியில், இவர் இந்தப் படத்துக்குக் கொடுத்த மதிப்பெண். 2006-இல் நெட்பிளிக்ஸ் இப்படிப்பட்ட ஒரு 'துணியை' உலகுக்கு வெளியிட்டு, தன் நிரலைவிடப் பிழையை 10 விழுக்காடு குறைப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தது. அதில் 4,80,189 பார்வையாளர்களும் 17,770 படங்களும் இருந்தன. பெருக்கிப் பார்த்தால் புள்ளிகள் 853 கோடிக்கு மேல். மதிப்பெண் இருந்தது சுமார் 10 கோடிப் புள்ளிகளில் மட்டுமே. நூறில் ஒன்றேகால்கூட இல்லை, மற்றதெல்லாம் வெற்றிடம். எந்த இருவரை எடுத்தாலும் இருவரும் பார்த்த படங்கள் மிகச் சிலவாகவே இருக்கும். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது?

சாயப்பட்டறைக் கணக்கு

விடையை நம் ஊர்ச் சாயப்பட்டறை ஆய்வுக்கூடத்திலேயே பார்க்கலாம். வெளிநாட்டு வாங்குபவர் ஒரு துண்டுத் துணியை அனுப்பி, 'இதே நிறம் வேண்டும்' என்கிறார். உலகில் நிறங்கள் ஆயிரமாயிரம் இருந்தாலும் ஆய்வுக்கூடத்தில் ஆயிரம் சாயங்களைக் கலப்பதில்லை. பெரும்பாலும் மஞ்சள், சிவப்பு, நீலம் என்ற மூன்று சாயங்களில் ஒவ்வொன்றும் எத்தனை பங்கு என்று கணக்கிட்டாலே நிறம் வந்துவிடும். ஒரு நிறத்தை மூன்று எண்களால் எழுதிவிடலாம்.

படங்களையும் அப்படியே எழுதலாம். விளங்குவதற்காக இரண்டே 'சாயங்கள்' என்று கொள்வோம்: சண்டை, சிரிப்பு. முதல் படத்தில் சண்டை 0.9, சிரிப்பு 0.2. இரண்டாவது படத்தில் சண்டை 0.1, சிரிப்பு 0.9. இனிப் பார்வையாளர். உங்களுக்குச் சண்டையில் நாட்டம் 1, சிரிப்பில் நாட்டம் 4 என்று கொள்வோம். இனம் இனமாகப் பெருக்கிக் கூட்டுங்கள். முதல் படம்: 0.9×1 + 0.2×4 = 1.7. இரண்டாவது: 0.1×1 + 0.9×4 = 3.7. இரண்டாவது படமே உங்கள் வரிசையில் முன்னால் நிற்கும்.

உண்மையான நிரலில் இரண்டுக்குப் பதில் ஐம்பது, நூறு எண்கள் இருக்கும். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சாயப்பட்டறையில் டப்பாவின் மேல் சாயத்தின் பெயர் எழுதியிருக்கும். இங்கே 'இது சண்டை', 'இது சிரிப்பு' என்று யாரும் கணிப்பொறிக்குச் சொல்வதில்லை. ஏதேதோ எண்களை வைத்துத் தொடங்கி, தெரிந்த பத்துக் கோடி மதிப்பெண்களோடு ஒத்துப்போகும்வரை அவற்றைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போகிறது. இறுதியில் கிடைக்கும் எண்களுக்குப் பெயர் கிடையாது. ஏன் இந்தப் படத்தை எனக்குக் காட்டினாய் என்று கேட்டால் அதனால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பரிசு 2009-இல் ஒரு குழுவுக்கு வழங்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், நூற்றுக்கணக்கான முறைகளைக் கலந்து செய்த அந்த இறுதி நிரலை நெட்பிளிக்ஸ் முழுமையாகப் பயன்படுத்தவில்லை. கிடைத்த நுட்பம் செலவழிக்க வேண்டிய உழைப்புக்கு ஈடாகவில்லை என்று பின்னர் அவர்களே எழுதினார்கள். அதற்குள் தகடு போய், இணையத்தில் நேரடியாக ஓடும் படம் வந்துவிட்டது. அதனுடன் கணக்கின் அடிப்படையும் மாறியது.

சொல்வதும் செய்வதும்

மதிப்பெண் போடச் சொன்னால் நாம் கொஞ்சம் நாகரிகமாக நடந்துகொள்வோம். விருது பெற்ற படத்துக்கு 5 போடுவோம். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்த இரவில், ஏற்கெனவே பார்த்த நகைச்சுவைப் படத்தையே மறுபடி போடுவோம். நேரடி ஒளிபரப்பில் நிரல் நம் வாக்கை நம்புவதில்லை, செய்கையைப் பார்க்கிறது. எந்தப் படத்தை எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்தினீர்கள், எதை ஒரே மூச்சில் பார்த்தீர்கள், எந்த நேரத்தில், எந்தக் கருவியில் பார்த்தீர்கள் என்பவையெல்லாம் குறிப்பேட்டில் ஏறுகின்றன. நெட்பிளிக்ஸ் 2017-இல் நட்சத்திர மதிப்பெண்ணையே எடுத்துவிட்டுக் கட்டைவிரல் குறியை வைத்தது. யூடியூப் 2012-இலேயே 'எத்தனை பேர் தொட்டார்கள்' என்பதைவிட 'எவ்வளவு நேரம் பார்த்தார்கள்' என்பதற்கு முதலிடம் கொடுத்துவிட்டது.

பழைய கடைக்காரருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு இங்கேதான் பெரிதாகத் தெரிகிறது. கடைக்காரருக்கு நீங்கள் திங்கட்கிழமை காசெட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும். இரவில் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்பதில் அவருக்கு ஆதாயம் இல்லை. நேரத்தை அளவுகோலாகக் கொண்ட நிரலுக்கு உங்கள் விழிப்பே வருமானம். ஒரு பாகம் முடிந்ததும் சில வினாடிகளில் அடுத்த பாகம் தானே ஓடுவது இதனால்தான். காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்கு எழ வேண்டியவருக்கு இது சிறிய செய்தி அல்ல.

முன்னால் நிற்பது முன்னாலேயே நிற்கும்

வரிசையில் முதலில் இருப்பதைப் பலர் தொடுகிறார்கள். பலர் தொட்டதால் அது 'பலர் விரும்புவது' என்று பதிவாகிறது. அப்படிப் பதிவானதால் மீண்டும் முதலில் வைக்கப்படுகிறது. இந்தச் சுழற்சி எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சோதித்த ஒரு நல்ல ஆய்வு உண்டு.

சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் 'சயன்ஸ்' இதழில் அதை வெளியிட்டார்கள். அறிமுகமில்லாத 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்கச் செய்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாடலின் பெயரும் இசைக்குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டு 'உலகங்களாக'ப் பிரித்து, தத்தம் உலகத்தில் ஒவ்வொரு பாடலையும் எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எட்டு உலகமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது; பாடல்கள் அனைத்திலும் அவையே. பாடலின் தரம்தான் வெற்றியை முடிவு செய்கிறது என்றால் எட்டிலும் ஒரே பாடல்தானே முதலிடம் பெற வேண்டும்? பெறவில்லை. எண்ணிக்கை தெரியாதவர்களிடையே 26-ஆம் இடம் பெற்ற ஒரு பாடல், ஓர் உலகத்தில் முதலிடத்துக்கு வந்தது. இன்னொன்றில் 40-ஆம் இடத்துக்குப் போனது. மிகச் சிறந்தவை அடிமட்டத்துக்குப் போகவில்லை, மிக மோசமானவை உச்சிக்கு வரவில்லை என்பது உண்மையே. ஆனால் நடுவில் உள்ள பெரும்பான்மைக்கு எதுவும் நடக்கலாம் என்றாயிற்று. எண்ணிக்கையைக் காட்டிய உலகங்களில் வென்றவற்றுக்கும் தோற்றவற்றுக்கும் உள்ள இடைவெளியும் கூடியது.

ஒரு சிறிய தமிழ்ப் படத்தின் தயாரிப்பாளராக உங்களை நினைத்துக்கொண்டு இந்த முடிவை மறுபடி படியுங்கள். உங்கள் படம் நடுவில் உள்ள ஒன்று. முதல் சில நாட்களில் தற்செயலாகச் சில ஆயிரம் பேர் தொட்டால் மேலே ஏறும். தொடாவிட்டால் எவருடைய இருபதிலும் அது இராது. அது பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லப் போவதில்லை. பார்த்தால்தானே சொல்வதற்கு!

முகம் மாற்றும் படம்

இன்னொரு நுட்பம். ஒரே படத்துக்கு ஆளுக்கு ஒரு முகப்பைக் காட்டுவது. நெட்பிளிக்ஸ் பொறியியலாளர்கள் 2017-இல் விளக்கிய உதாரணம் இது: 'குட் வில் ஹண்டிங்' என்ற ஆங்கிலப் படத்தை, காதல் படம் பார்ப்பவருக்குக் காதலர் இருவர் உள்ள காட்சியோடும், நகைச்சுவை பார்ப்பவருக்கு நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் முகத்தோடும் காட்டலாம். நம் ஊர்ச் சுவரொட்டி ஒட்டுபவர் பேருந்து நிலையத்துக்கு ஒன்று, கோயில் தெருவுக்கு ஒன்று என்று ஒட்டியதைப் போலத்தான். ஆனால் சுவரொட்டியை ஊரே பார்த்தது. இது உங்களுக்கென்று மட்டும் ஒட்டப்பட்டது.

ஓர் அறை, நால்வர், ஒரு கணக்கு

திருப்பூர் வட்டாரத்தில் இந்த நிரல் வேடிக்கையாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வெளியூர்களிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்வோர் மூன்று நான்கு பேராக ஓர் அறையில் தங்குவார்கள். மதுரைக்காரர், பீகார்க்காரர், ஒடிசாக்காரர் எல்லோரும் அக்கம்பக்கம். பலர் ஒரே சந்தாவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நிரலுக்கு இது தெரியாது. பகலில் தமிழ் நகைச்சுவையும் மாலையில் போஜ்புரியும் நள்ளிரவில் கொரியத் தொடரும் பார்க்கும் ஒரே மனிதர் இருப்பதாக எண்ணிக்கொள்ளும். பச்சையும் சிவப்பும் கலந்த பழுப்பு நிறம்போல, நால்வரில் எவருக்கும் உரியதல்லாத ஒரு ரசனை உருவாகும்! தனித்தனிப் பெயர்ப் பிரிவு வைத்துக்கொள்ளச் சொல்வது இந்தக் குழப்பம் தீரத்தான்.

ஆனால் இதே கலப்பால் ஒரு நன்மையும் உண்டு. தானாக ஒருபோதும் தேடியிராத மலையாளப் படம் ஒன்று அறைத்தோழரின் பழக்கத்தால் உங்கள் வரிசையில் வந்து நிற்கும். பழைய வீடியோ இரவிலும் அப்படித்தான். நான்கு காசெட்டில் ஒன்று நமக்குப் பிடிக்காததாக இருக்கும், வேறு வழியின்றிப் பார்ப்போம், சில வேளை அதுவே மனத்தில் நிற்கும்.

கிடங்கில் இல்லாதது

நிரல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானதாக இருந்தாலும் கிடங்கில் இல்லாததைக் காட்ட முடியாது. வீடியோக் கடைக்காரர் காசெட்டை வாங்கிவிட்டால் நாடா தேயும்வரை அது அவருடையது. இணையச் சேவையோ பல படங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம் பெற்று வைத்திருக்கிறது. காலம் முடிந்தால் படம் ஓசையின்றி மறைந்துவிடும். எந்தப் படம் எப்போது வீட்டுத் திரைக்கு வரலாம் என்பதும் வழக்குக்குரிய விஷயம். 2013-இல் 'விஸ்வரூபம்' படத்தை அரங்குக்கு முன்பே வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொடுக்க முயன்றபோது அரங்க உரிமையாளர்கள் எதிர்த்தார்கள்; திட்டம் கைவிட நேர்ந்தது. ஏழே ஆண்டுகளில், 2020 ஊரடங்கின்போது 'பொன்மகள் வந்தாள்' மே மாதத்திலும் 'சூரரைப் போற்று' நவம்பரிலும் நேரே இணையத்தில் வெளியாயின. 2023-இல் நான்கு வார இடைவெளி போதாது என்ற தகராறில் 'லியோ'வின் இந்திப் பதிப்பு வடநாட்டுப் பெரிய அரங்குத் தொடர்களில் திரையிடப்படவில்லை.

மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றைக் கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய 'சி-ஸ்பேஸ்' சேவையில் பார்க்கலாம். அங்கே எந்தப் படம் இடம்பெற வேண்டும் என்பதைக் கலைத்துறையினர் கொண்ட குழு பார்த்து முடிவு செய்கிறது; பார்ப்பவர் பார்த்த படத்துக்கு மட்டும் பணம் கட்டுகிறார். குழுவுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஏன் இதைத் தேர்ந்தீர்கள் என்று அவர்களைக் கேட்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்திகள் இடுங்கள். ஒரு வாரம் வீட்டில் பார்க்கப்படும் ஒவ்வொரு படத்தையும், பெயரைத் தேடிப் பார்த்தது என்றால் இடப்பக்கமும், முன்னால் வந்ததைத் தொட்டது என்றால் வலப்பக்கமும் எழுதுங்கள். மேலே சொன்ன 20-க்கு 80 உங்கள் வீட்டில் எவ்வளவு என்று தெரியும்.

அடுத்தது, ஒரே சேவையில் இரண்டு புதிய பெயர்ப் பிரிவுகளைத் தொடங்குங்கள். முதல் நாள் இரண்டிலும் தெரியும் முதல் பத்துப் படங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். பின் ஒன்றில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை மட்டும் தேடிப் பாருங்கள். மற்றதில் முன்னால் வருவதையே தொட்டுக்கொண்டு போங்கள். தினமும் ஒரே நேரத்தில் பத்துப் படங்களைக் குறியுங்கள். இரண்டு பட்டியல்களிலும் பொதுவாக உள்ளவை எத்தனை என்பதை நாளுக்கு ஒரு புள்ளியாக வரைதாளில் இட்டால், உங்கள் இரண்டு 'உலகங்கள்' எந்த நாளில் பிரிந்தன என்பது கோட்டிலேயே தெரியும். சோதனை முடியும்வரை அந்தப் பிரிவுகளை வீட்டில் வேறு யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி ஒரு கார்ட்டூனைப் போட்டுவிட்டால் கணக்கு கெட்டுவிடும்.